41–10ல ஜெயிச்சுட்டு இருக்கும்போது என் டைட் எண்டோட கையை உடைச்ச கேம்

கேம் பேரை போடல. போட்டா அதோட ஃபேன்ஸ் சண்டைக்கு வருவாங்க, ஆடினவங்களுக்கு எப்படியும் ரெண்டு பாரா தாண்டறதுக்குள்ள எதுன்னு தெரிஞ்சிடும். அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சிங் கேம், பிசில ஆடறது. பந்தைத் தூக்கிட்டு நீங்களே ஓடற டைப் இல்ல, சைட்லைன்ல நின்னு யாரை இறக்கறது யாரை உக்கார வைக்கறதுன்னு தலையைப் பிச்சுக்கற டைப். சேல்ல 20 டாலருக்கு கிடைச்சுது, மூணு சீசன் முழுசா ஆடிட்டு தான் எழுதறேன். ஒரு வாரம் ஆடிட்டு அஞ்சு ஸ்டார் போடற கேஸ் நான் இல்ல.

கிராஃபிக்ஸ் சுமார், கூட்டத்தோட சத்தம் ஒரே டேப்பை ரிப்பீட்ல போட்ட மாதிரி, கமெண்ட்ரியை ரெண்டாவது மேட்ச்லயே மியூட் பண்ணிட்டேன். இதெல்லாம் பெருசா எடுத்துக்கல, இந்த மாதிரி கேமை யாரும் அழகுக்காக வாங்கறதில்ல. நான் எழுத வந்தது வேற. பெரிய லீட்ல இருக்கும்போது கடைசி பத்து நிமிஷம் உங்க முக்கியமான ஆளுங்களை கிரவுண்ட்ல விடுவீங்களா எடுத்துடுவீங்களா, அந்த ஒரு விஷயத்தை இந்த கேம் எப்படி கையாளுதுங்கறது தான். அதுல தான் எனக்கு இதோட சண்டையும் வந்துச்சு சமாதானமும் ஆச்சு.

முதல் சீசன், பதினோராவது வாரம். நாலாவது குவார்ட்டர்ல 34–10னு முன்னாடி இருக்கோம். நான் பொறுப்பான கோச் ஆச்சே, பந்தை வீசற குவார்ட்டர்பேக்கை எடுத்தாச்சு, பந்தைத் தூக்கிட்டு ஓடற ரன்னிங் பேக்கை எடுத்தாச்சு, பாஸ் பிடிக்கற ரெண்டு ரிசீவரையும் எடுத்தாச்சு, டீமோட தங்கமான டைட் எண்ட் (லைன் ஓரத்துல நின்னு எதிராளியைத் தடுத்து பிளாக்கும் பண்ணுவார், பாஸும் பிடிப்பார்), அவரையும் எடுத்து பேக்கப்பை போட்டாச்சு. பேக்கப் ரன்னிங் பேக் அவர் பங்குக்கு ஒரு டச்டவுன் வேற போட்டுட்டார். 40–10. டச்டவுனுக்கு அப்புறம் ஒரு பாயிண்டுக்கு அடிக்கற எக்ஸ்ட்ரா பாயிண்ட் கிக், அது ஒரு சம்பிரதாயம், நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா ஸ்கோர் 41–10, அதுக்குக் கீழ சிவப்புல ஒரு பாக்ஸ். டைட் எண்ட், முன்கை எலும்பு முறிவு, 6 வாரம்.

நான் கத்தின கத்துல பக்கத்துல சிப்ஸ் தின்னுட்டு இருந்த அக்கா பையன் நிமிர்ந்து பாத்தான். ஸ்கூல் டீம்ல ஆடறவன், என்னை விட விவரம் தெரிஞ்சவன்.

"மாமா, அவரை வெளிய எடுக்கலையா நீங்க?"

"எடுத்தேன்டா, இங்க பாரு, பேக்கப் தானே இருக்கான்!"

"அது அஃபென்ஸ் லிஸ்ட். எக்ஸ்ட்ரா பாயிண்ட் யூனிட் தனி மெனு மாமா. அங்க யாரும் மாத்தலன்னா அவர் தான் போய் பிளாக் பண்ணுவார்."

தனி மெனுவாம். டெப்த் சார்ட்டுக்குள்ள (யாருக்கு அடுத்து யார்ங்கற லிஸ்ட்) போய், கிக் அடிக்கறப்ப இறங்கற ஆளுங்களுக்கு ஸ்பெஷல் டீம்ஸ்னு ஒரு டேப், அதுக்குள்ள கிக் புரொடெக்‌ஷன்னு ஒண்ணு, அதுல ஓரத்துல நிக்கற ஆளா என் டைட் எண்ட் பேர். எனக்கு வந்த கோவத்துக்கு இது பக்கா பக், இதை டெஸ்ட் பண்ணாமலே வித்திருக்காங்கன்னு கம்பெனிக்கு நீளமா ஒரு கம்ப்ளைண்ட் டைப் பண்ண ஆரம்பிச்சுட்டேன், பாதி டைப் பண்ணும்போது தான் மண்டைல உறைச்சுது, அடப்பாவி, இது க்ரோன்கவ்ஸ்கிக்கு நடந்ததே தானேன்னு.

2012 நவம்பர் 18. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ், 59–24. மேட்ச் எப்பவோ முடிஞ்சு போச்சு, கடைசி சில நிமிஷம், ராப் க்ரோன்கவ்ஸ்கி எக்ஸ்ட்ரா பாயிண்டுக்கு லைன்ல நின்னு பிளாக் பண்ணப் போய் இடது முன்கை உடைஞ்சுது. அந்த டைம்ல லீக்லயே பெஸ்ட் டைட் எண்ட் அவர் தான். சர்ஜரி பண்ணி அஞ்சு மேட்ச் உக்காந்துட்டு திரும்பி வந்தார், பிளேஆஃப்ல டெக்சன்ஸ் கூட முதல் குவார்ட்டர்லயே அதே கை திரும்ப உடைஞ்சுது, அடுத்த வாரம் ஏஎஃப்சி சாம்பியன்ஷிப்ல (சூப்பர் பவுல் ஃபைனலுக்கு முந்தின மேட்ச்) ரேவன்ஸ் கிட்ட 28–13ல தோத்துட்டு வீட்டுக்குப் போனாங்க. அத்தனை பெரிய கோச்சுக்கே எக்ஸ்ட்ரா பாயிண்ட்ல தான் ஆப்பு விழுந்துச்சு, எனக்கு விழக்கூடாதான்னு கம்ப்ளைண்டை டெலிட் பண்ணிட்டேன். பக் இல்ல சார், கேமை எழுதினவன் மேட்ச் பாக்கறவன்.

இங்க தான் இந்த கேம் மத்ததுலேர்ந்து தனியா நிக்குது. டிவி முன்னாடி உக்காந்துட்டு "ஏன்யா இன்னும் அவனை விட்டு வச்சிருக்கே, எடுய்யா வெளிய"ன்னு நாமெல்லாம் கத்துவோம். எடுக்கறது அவ்ளோ ஈசி இல்லன்னு இந்த கேம் ஒவ்வொரு மேட்ச்லயும் மூஞ்சில அடிச்ச மாதிரி காட்டுது. அமெரிக்க ப்ரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல்ல ஒரு டீம் ரோஸ்டர் 53 பேர், ஆனா மேட்ச் அன்னைக்கு டிரஸ் பண்றது 48 பேர் தான், அந்த 48க்கே அஃபென்சிவ் லைன் ஆளுங்க (குவார்ட்டர்பேக்கை முன்னாடி நின்னு காக்கறவங்க) 8 பேராவது இருந்தாகணும். பெரும்பாலான டீம் அந்த 8ஓட நிறுத்திக்கும். லைன்ல நிக்கறது 5 பேர். அப்போ பெஞ்ச்ல 3 பேர். அஞ்சு பேரையும் ரெஸ்ட் கொடுக்கணும்னு நீங்க ஆசைப்பட்டாலும் ரெண்டு ஸ்டார்ட்டர் கடைசி விசில் வரைக்கும் நின்னு தான் ஆகணும், வேற ஆளே கிடையாது. கேம்ல நான் முதல் தடவை எல்லாரையும் எடுக்கப் பாத்தப்ப லைன்ல இடது ஓரத்துல நிக்கற லெஃப்ட் டேக்கிள் பேர் மட்டும் சாம்பல் கலர்ல அசையாம இருந்துச்சு, ஹேங் ஆயிடுச்சுன்னு மவுசை அஞ்சாறு தடவை தட்டினேன். ஹேங் இல்ல, ஆள் இல்ல.

அடுத்தது எமர்ஜென்சி குவார்ட்டர்பேக் ரூல், இதைப் பாத்ததும் சீட்ல நிமிர்ந்து உக்காந்துட்டேன். 2022 சீசனோட என்எஃப்சி சாம்பியன்ஷிப் மேட்ச் ஞாபகம் இருக்கும், ஃபார்ட்டி நைனர்ஸ் குவார்ட்டர்பேக் ப்ராக் பர்டிக்கு முழங்கை போச்சு, அடுத்து வந்த ஜாஷ் ஜான்சன் தலைல அடிபட்டு கன்கஷன்ல போனார், ஈகிள்ஸ் கிட்ட 31–7ல தோத்தாங்க. அதுக்கப்புறம் 2023லேர்ந்து மூணாவது குவார்ட்டர்பேக் ஒருத்தரை 48 பேர் கணக்குல சேக்காம வச்சுக்கலாம்னு ரூல் வந்துச்சு. ஆனா அதுல ஒரு கொக்கி. முதல் ரெண்டு பேரும் அடிபட்டோ, வெளிய அனுப்பப்பட்டோ இருந்தா தான் மூணாவது ஆள் உள்ள வரலாம், கோச் இஷ்டத்துக்கு இறக்க முடியாது. அப்போ யோசிச்சுப் பாருங்க, 30 பாயிண்ட் லீட்ல ஸ்டார்ட்டரை பத்திரமா உக்கார வைக்கறீங்க, பேக்கப் போறார், பேக்கப்புக்கு அடிபடுது, இப்ப மூணாவது ஆள் வர முடியாது ஏன்னா ஸ்டார்ட்டர் நல்லா தான் இருக்கார், தொப்பியைக் கழட்டிட்டு ஹெல்மெட்டை மாட்டிட்டு அவரே திரும்பப் போகணும். உடம்பு ஆறிப்போய், ஒரு மணி நேரமா உக்காந்திருந்த ஆள். எனக்கு ரெண்டாவது சீசன்ல அச்சு அசலா இது நடந்துச்சு, அந்த ஏழு நிமிஷமும் பந்தை ரன்னிங் பேக் கைல ஹேண்ட்ஆஃப் கொடுத்தே ஓட்டினேன், ஒரு பாஸ் கூட போடல, அவர் எங்கயாவது தடுக்கி விழுந்துடப் போறார்னு வயித்துல புளியைக் கரைச்சுது.

உருண்டைப் பந்து ஃபுட்பால் மட்டும் பாக்கறவங்களுக்காக ஒண்ணு. அதுல வெளிய எடுத்தா எடுத்தது தான், மேட்ச் முடிஞ்சுது அவருக்கு. இதுல 1950லேர்ந்து யார் வேணா எத்தனை தடவை வேணா போலாம் வரலாம். அதனால தான் "எடுத்துப் பாப்போம், ஏதாவது ஆச்சுன்னா திரும்ப இறக்கிக்கலாம்"னு ஒரு சபலம் வரும். நானும் அதுல விழுந்திருக்கேன். 31–10, மூணாவது குவார்ட்டர் முடியப் போகுது, மொத்தமா எல்லாரையும் எடுத்தேன், பேக்கப் குவார்ட்டர்பேக் இன்டர்செப்ஷன் ஒண்ணு, அடுத்த டிரைவ்ல ஃபம்பிள் ஒண்ணு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள 31–24. திரும்ப ஸ்டார்ட்டர்ஸை இறக்கினா முதல் டிரைவ் முழுக்க யாருக்கும் டைமிங் செட் ஆகல. ஒரு ஃபீல்ட் கோல்ல எப்படியோ தப்பிச்சேன். அக்கா பையன் மூணு நாள் என்னை "31–24 மாமா"ன்னே கூப்பிட்டான்.

நிஜத்துலயும் கோச்சுங்க சீக்கிரம் கை வைக்காததுக்கு இந்த பயம் தான் காரணம், அதுல நியாயம் இருக்கு. 1993 ஜனவரில ஆய்லர்ஸ் 35–3 முன்னாடி இருந்துட்டு பில்ஸ் கிட்ட ஓவர்டைம்ல 41–38ல தோத்தாங்க, அதுவும் பில்ஸுக்கு ஆடினதே பேக்கப் குவார்ட்டர்பேக் ஃப்ராங்க் ரைக். 2022 டிசம்பர்ல கோல்ட்ஸ் ஹாஃப் டைம்ல 33–0, வைக்கிங்ஸ் 39–36ல ஜெயிச்சாங்க. சூப்பர் பவுல்ல ஃபால்கன்ஸ் 28–3 முன்னாடி இருந்துட்டு தோத்ததைப் பத்தி நான் எழுதவே வேணாம், அந்த நம்பரைப் பாத்தாலே அவங்க ஃபேன்ஸ் எழுந்து போயிடுவாங்க. இதையெல்லாம் பாத்து வளர்ந்த கோச் 24 பாயிண்ட் லீட்ல குவார்ட்டர்பேக்கை எடுன்னா எடுப்பாரா?

கேம்ல ப்ளோஅவுட் ஸ்லைடர்னு ஒண்ணு இருக்கு. எத்தனை பாயிண்ட் லீட் வந்தா, எத்தனை நிமிஷம் பாக்கி இருந்தா தானா ஸ்டார்ட்டர்ஸை எடுக்கணும்னு செட் பண்ணிக்கலாம். கேக்க நல்லா இருக்கும், தயவுசெஞ்சு ஆஃப் பண்ணி வைங்க. எடுத்தா எல்லாரையும் எடுக்கும், இல்லன்னா யாரையும் தொடாது, நடுவுல ஒண்ணும் கிடையாது. நிஜத்துல ஒரு கோச் முதல்ல குவார்ட்டர்பேக்கை எடுப்பார், ஏற்கனவே கணுக்கால் வலியோட ஆடறவரை எடுப்பார், வயசான கார்னர்பேக்கை எடுப்பார், லைனை விட்டுடுவார், ஏன்னா லைனையும் எடுத்துட்டா பேக்கப் குவார்ட்டர்பேக் செத்தான். இந்த ஸ்லைடரை நம்பி ஒரு மேட்ச் விட்டேன், என்னோட 22 வயசு பேக்கப் குவார்ட்டர்பேக் எட்டு பிளேல நாலு தடவை தரைல கிடந்தான். ஒருத்தரைக் காப்பாத்த இன்னொருத்தனை பலி கொடுத்த மாதிரி ஆயிடுச்சு.

அடிபடற கணக்கு எப்படின்னு பாத்தேன், இது எனக்குப் பிடிச்சிருக்கு. ஸ்கோர் என்ன, எத்தனாவது குவார்ட்டர், இதெல்லாம் கேமுக்கு கவலையே இல்ல, ஆள் எவ்ளோ களைச்சிருக்கார், எப்படி இடிபட்டார், பழைய காயம் இருக்கா, இவ்ளோ தான். அதனால முதல் குவார்ட்டர்லயும் போவாங்க. டாம் ப்ரேடி 2008ல சீசனோட முதல் மேட்ச், முதல் குவார்ட்டர்லயே முழங்கால் லிகமெண்ட் போய் அந்த வருஷமே முடிஞ்சுது, அதுக்கு எந்த கோச் என்ன பண்ண முடியும். லயன்ஸோட ஏடன் ஹட்சின்சன் 2024 அக்டோபர்ல கவ்பாய்ஸை 47–9ல அடிச்ச மேட்ச்ல காலை உடைச்சுக்கிட்டார், மேட்ச் அப்பவே ஒன்சைடா தான் இருந்துச்சு, ஆனா நடந்தது மூணாவது குவார்ட்டர்ல. மூணாவது குவார்ட்டர்ல யாரும் தன்னோட பெஸ்ட் டிஃபென்சிவ் எண்டை உக்கார வைக்க மாட்டாங்க. அன்னைக்கு கோச்சைத் திட்டினவங்க மேல எனக்கு கோவம் தான் வந்துச்சு.

ஆனா அலபாமா காலேஜ் டீம் குவார்ட்டர்பேக்கா இருந்த டுவா டாகோவைலோவா விஷயம் வேற, அதை நினைச்சா இப்பவும் மனசு ஒரு மாதிரி ஆகுது. 2019 நவம்பர் 16, அலபாமா மிசிசிப்பி ஸ்டேட்டை 35–7ல அடிச்சுட்டு இருக்கு, ஹாஃப் டைம்க்கு கொஞ்சம் முன்னாடி. ஒரு மாசம் முன்னாடி தான் கணுக்கால்ல சர்ஜரி ஆன பையன். அதோட எடுத்துடறதா தான் இருந்துச்சாம், அது அவருக்கு கடைசி சீரிஸ், ஹாஃப் முடியற நேரத்துல டூ மினிட் டிரில் (கடைசி ரெண்டு நிமிஷத்துல அவசரமா பந்தை முன்னேத்தறது) ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டும்னு விட்டிருக்காங்க. அதுல இடுப்பு எலும்பு நழுவி உடைஞ்சுது. அதுக்கப்புறமும் என்எஃப்எல் டீம்கள் காலேஜ் வீரர்களை எடுக்கற 2020 டிராஃப்ட்ல அஞ்சாவதா டால்ஃபின்ஸ் எடுத்தாங்க, சரி தான், ஆனா அந்த ஒரு சீரிஸ் தேவையா தேவையில்லையான்னு எனக்கும் என் அக்கா பையனுக்கும் இன்னும் சண்டை ஓயல. அவன் சொல்றது, டூ மினிட் டிரில்லை பிராக்டிஸ்ல எத்தனை தடவை போட்டாலும் மேட்ச்ல ஓட்டற மாதிரி வராது மாமா, பெரிய மேட்ச்ல அது தான் கை கொடுக்கும்னு. நான் சொல்றது, நல்லா இருக்கற பையனுக்கு அது சரி, கணுக்கால்ல கத்தி வச்ச பையனுக்கு எதுக்குடான்னு.

கேம்ல இந்த வாதத்துக்கு இடமே இல்ல, அது தான் என் பெரிய குறை. ஸ்டார்ட்டர் கூடுதலா ஆடினா அவருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, ரிஸ்க் மட்டும் தான். பேக்கப் ஆடினா அனுபவப் பாயிண்ட் ஏறுது, அது சூப்பர், என்னோட மூணாவது ரிசீவர் அப்படி ஏறி ஏறி தான் இப்ப ஸ்டார்ட்டரே ஆனான். ஆனா கணக்கு ஒரு பக்கமே சாஞ்சிருந்தா எப்பவும் எடுத்துடறது தான் சரின்னு ஆயிடுதே, அப்புறம் கோச்சுக்கு என்ன வேலை? நிஜத்துல ஒரு வீரர் உள்ளயே இருக்கணும்னு நினைக்க ஆயிரம் காரணம் இருக்கும். ரிசீவர் மைக் எவன்ஸ் 2024 சீசனோட கடைசி மேட்ச், ஜெயிச்சாச்சு, பந்தை வாங்கினதும் முட்டி போட்டு நேரத்தை ஓட்டி முடிச்சுடலாம், ஆனா பக்கனியர்ஸ் கடைசி பிளேல அவருக்கு ஒரு பாஸ் போட்டாங்க, 1000 யார்டைத் தாண்டினார், 30 லட்சம் டாலர் போனஸ். மொத்த டீமும் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுது. கேம்ல கான்ட்ராக்ட்ல போனஸ் வைக்கலாம், ஆனா மேட்ச் நடக்கும்போது யாருக்கு எத்தனை யார்டு பாக்கின்னு எங்கயும் காட்டாது. நான் ஒரு ரிசீவரை 12 யார்டு பாக்கில உக்கார வச்சுட்டேன், திங்கட்கிழமை மெசேஜ் வருது, "உங்கள் மீது நம்பிக்கை குறைந்துவிட்டது". நியாயம் தான், ஆனா எனக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.

மரால் சிஸ்டம் பத்தி சொல்லணும்னா அது ஓகே. 2009 கோல்ட்ஸ் ஞாபகம் வர்ற மாதிரி ஒரு ஈவன்ட் வச்சிருக்காங்க. அந்த டீம் 14–0ல இருந்தப்ப ஜெட்ஸ் கூட 15–10 முன்னாடி இருக்கும்போதே குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கை மூணாவது குவார்ட்டர்ல எடுத்தாங்க, 29–15ல தோத்தாங்க, சொந்த கிரவுண்ட்லயே கூட்டம் கூச்சல் போட்டுச்சு. அப்புறம் சூப்பர் பவுல் வரைக்கும் போய் செயிண்ட்ஸ் கிட்ட தோத்தாங்க. கேம்லயும் தோக்காம போயிட்டு இருக்கும்போது ரெஸ்ட் கொடுத்தா லாக்கர் ரூம் ரெண்டா பிரியுது, வயசானவங்களுக்கு சந்தோஷம், சின்னப் பசங்களுக்கு கடுப்பு. இது நல்ல டச்.

எதிர் டீம் கோச் மகா மக்கு. 45–3ல தோத்துட்டு இருக்கும்போதும் அவனோட ஸ்டார் குவார்ட்டர்பேக் கடைசி நிமிஷம் வரைக்கும் நின்னு அடி வாங்கறான், பாக்கவே பாவமா இருக்கு. தோக்கற டீமும் தான் தன்னோட ஆளை எடுக்கணும், அதைப் பத்தி யாருமே பேசறதில்ல, இந்த கேமும் பேசல. அப்புறம் அடிபட்ட உடனே "6 வாரம்"னு துல்லியமா காட்டறது, நிஜத்துல மறுநாள் எம்ஆர்ஐ வர்ற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் தெரியாது, அந்த ஒரு ராத்திரி பதட்டத்தைக் கொடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

முட்டி போடற பட்டன் நல்லா வேலை செய்யுது. எதிர் டீம் கிட்ட டைம்அவுட் இல்லன்னா, ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கறப்ப மூணு தடவை முட்டி போட்டா கடிகாரம் ஓடியே போயிடும், அது எப்ப சாத்தியம்னு பச்சை லைட் எரியும். எரிஞ்சதும் முட்டி போடுங்க, வீரம் காட்டாதீங்க. 1978ல ஜயண்ட்ஸ் முட்டி போடாம ஹேண்ட்ஆஃப் கொடுக்கப் போய் பந்து நழுவி, ஈகிள்ஸோட ஹெர்ம் எட்வர்ட்ஸ் அதை எடுத்துட்டு ஓடி டச்டவுன் போட்டு ஜெயிச்சுட்டார், அதுக்கப்புறம் தான் எல்லாருக்கும் புத்தி வந்துச்சு.

20 டாலருக்கு தாராளமா வாங்கலாம், முழு விலைக்கு வேணாம். மூணரை ஸ்டார். ஸ்பெஷல் டீம்ஸ் மெனுவை மட்டும் முன்னாடி கொண்டு வந்து வச்சா நாலு ஸ்டார் ஆக்கிடறேன்.

போன ஞாயித்துக்கிழமை மூணாவது சீசன்ல 38–10, நாலாவது குவார்ட்டர்ல டச்டவுன் போட்டு 44 ஆச்சு. இந்த தடவை தண்ணி குடிக்கப் போகல, உஷாரா மெனுவுக்குள்ள மெனுவா நோண்டிப் போய் டைட் எண்டை எடுத்துட்டு மூணாவது லைன் பையன் ஒருத்தனை ஓரத்துல நிறுத்தினேன். அவன் பிளாக்கை மொத்தமா கோட்டை விட்டான், கிக் கைல பட்டுத் திரும்பி எதிர் டீம்காரன் ஒருத்தன் அதைப் பொறுக்கிட்டு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடிட்டான். 2015லேர்ந்து அதுக்கு ரெண்டு பாயிண்ட் உண்டு. 44–12. என் டைட் எண்ட் சைட்லைன்ல தொப்பி போட்டுட்டு நிக்கறதை கேமரா ஒரு செகண்ட் காட்டுச்சு, ரெண்டு கையும் நல்லா இருந்துச்சு.